நல்ல புள்ளன்னு சொல்லிட்டாங்க

ரூபனைத் திட்டத் திட்ட அவன் விலை ஏறிக்கொண்டே போனது. இது என்ன கூத்து என்று பிலோமிக்கு விளங்கவே இல்லை.

வியாசர்பாடி மைதானத்துக்கு எதிரே பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையில் ஒரு பெரிய திரை உண்டு. கால்பந்து லீக்கில் ஆடுகிற அத்தனை பேருடைய பெயரும் பக்கத்தில் அன்றைய விலையும் அதில் ஓடிக்கொண்டே இருக்கும். வெங்காய விலை பார்க்கிற மாதிரி ஊரே அதை அண்ணாந்து பார்க்கும். கால்வாய்க்கரை கழகத்தின் ஃபார்வர்டு ரூபன், போன வாரம் இரண்டு கோடியே நாற்பது லட்சம். இன்று இரண்டு கோடியே எழுபது.

"இன்னாய்யா இது? நாம பேசறது அதுக்குக் கேக்குதா, கேக்கலயா?" பிலோமி, சேலைக்கு மேல் போட்டிருந்த கழகத்துச் சட்டையில் குத்திய பொத்தானைப் பிடித்து உதறினாள்.

அந்தப் பொத்தானுக்குக் காது என்று பெயர். லீக்கை நடத்துகிறவர்கள் கொடுத்தது. ஆட்டக்காரனின் ஓட்டம், பாஸ், கோல் எல்லாவற்றையும் அளந்து விலை போட ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள், அதற்குத் தராசு என்று பெயர். ஆனாலும் விலை தப்பிக்கொண்டே இருந்தது. யாருக்கு முழங்கால் வலிக்கிறது, யாருக்கு வீட்டில் தகராறு, யார் பயந்து ஆடுகிறான் என்பதெல்லாம் எண்களில் வரவில்லை. பத்து வருடமாக ஒருவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகன் வாயில் அது வருகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து பழைய ரசிகர்களுக்கெல்லாம் ஒரு காது. ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசுவதை அது தராசுக்கு அனுப்பும். பதிலுக்கு சீசன் டிக்கெட் இலவசம்.

டிக்கெட் கிடக்கட்டும். தன் பேச்சைக் கேட்க ஒரு காது இருக்கிறது என்பதே பிலோமிக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் புருஷன் கேட்பதில்லை, மகள் ஹெட்போனைக் கழற்றுவதில்லை. பிலோமி அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவள். கீழே வண்டியை நிறுத்திவிட்டு "தண்ணீ" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலாவது மாடியில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். அந்தக் குரலை முப்பது வருடமாக மைதானத்தின் இடது மூலையில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், மேல் படியில் உட்கார்ந்து செலவழித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குது பிலோமி, நல்லாவே கேக்குது. நாமதான் சரியா திட்டல" என்றார் உமாபதி. ஒரு காலத்தில் கழகத்துக்கு ஆடியவர். இப்போது கணக்கு சொல்வதோடு சரி. திட்டம் அவருடையது.

கழகத்துக்கு முதல் போட்ட கம்பெனி ஒரு நிபந்தனை வைத்திருந்தது. மூன்று கோடியைத் தொடுகிற ஆட்டக்காரனை, இந்த மாசக் கடைசியில் அணி மாற்றும் விண்டோ மூடுவதற்குள் யார் கேட்டாலும் விற்றுவிட வேண்டும். ரூபன் அதை நெருங்கிக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது, கால்வாய்க்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். வெறுங்காலோடு ஓடிய நாளிலிருந்து அந்த மூலையிலிருக்கும் நாற்பது பேரும் அவனைப் பார்த்து வருகிறார்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியை வேரோடு பிடுங்கி வேறு ஊருக்கு அனுப்ப யாருக்கு மனசு வரும்? அதனால் உமாபதி சொன்னார், "இத்தினி நாளா அவன ஆசையா திட்னோம். இனிமே வெவரமா திட்டணும். கால்ல வலு இல்ல, பந்து நிக்கல, பத்து நிமிஷத்துல மூச்சு வாங்குதுன்னு. காதுல வுயணும். வெல எறங்கணும்."

நாற்பது பேரும் ஒரு மாதமாக விவரமாகத் திட்டினார்கள். விலை ஏறியது.

"வித்தாதான் இன்னாவாம்?" என்றான் லெனின். ஏசி மெக்கானிக். அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பேச்சுக்கென்றே பிறந்தவன். "மூணு கோடிக்கு நாலு டிஃபெண்டர் வாங்கலாம். பின்னாடி நம்ப ஆட்டம் சல்லடையா கீது."

"வாங்கி? கோல யாரு போடுவா, உங்க மாமனா?" உமாபதிக்கு மூக்கு சிவந்தது. "இப்டித்தான் நம்ப கோல்கீப்பர வித்துட்டு ஒரு பிரேசில்காரன இட்டாந்தானுங்க. ஓட்டம் இல்ல, ஆட்டம் இல்ல, அத்தோ மட்டும் மூணு பிளேட்டு துன்னான்."

"மொய்ங்கோ நூடுல்ஸும் துன்னான்" என்றார் கடைக்காரர், நூடுல்ஸில் புளித்தண்ணீர் ஊற்றிப் பிசைந்தபடி. அவருக்கு அந்தப் பிரேசில்காரன் மேல் இன்றும் ஒரு பிரியம் உண்டு.

பிலோமி வாழைத்தண்டு சூப்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். "நா தாரணியக் கேட்டுகினு வரேன். அவதான அந்தத் தராசுக் கம்பெனில கீறா."

தாரணி அடுத்த தெருப் பெண். தராசை நடத்தும் கம்பெனியில் வேலை. பிலோமியின் தண்ணீர் கேன் குடித்துத்தான் இன்ஜினியரிங் படித்தாள் என்று பிலோமி சொல்லிக்கொள்வாள். தாரணி நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"அக்கா, நீங்க ஒருத்தர ‘நல்ல புள்ள’ன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

கால்வாய்க்கரையில் அது எல்லோருக்கும் தெரியும். ஆசை வைத்தவனை வாய் திறந்து புகழ்ந்தால் கண் பட்டுவிடும். அதனால் பிடித்தவனைத் திட்டுவார்கள். சோமாறி, தண்டச்சோறு, உங்கப்பன் பந்து வாங்கக் குடுத்த காசுல பரோட்டா துன்னவனே, என்று வாய் கொள்ளாமல் திட்டுவார்கள். நம்பிக்கை விட்டுப்போனவனிடம் மட்டும்தான் மரியாதையாகப் பேசுவார்கள். குமரேசன் என்று ஒரு டிஃபெண்டர் இருந்தான். கால் முறிந்து திரும்பி வந்தவன், தத்தித் தத்தி ஆடினான். ஒரு நாள் அந்த மூலை முழுக்க அமைதியாகி, பிலோமி மட்டும், "பாவம், நல்ல புள்ளப்பா" என்றாள். குமரேசன் திரும்பிப் பார்த்தான். அடுத்த மாதம் ஆட்டத்தை விட்டுவிட்டு பாடிப் பக்கம் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போய்விட்டான்.

"தராசு பல வருஷமா உங்களக் கேட்டுகிட்டிருக்கு" என்றாள் தாரணி. "உங்க மூலையில வசவுதான் பாராட்டுன்னு அது கத்துக்கிட்டிருக்கும். நீங்க திட்ட ஆரம்பிச்சதும், அடேயப்பா, இவன் மேல எவ்ளோ உசுரு வெச்சிருக்காங்கன்னு வெலய ஏத்துது."

"அடப்பாவி மெஷினே" என்றாள் பிலோமி. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. புருஷனுக்குக் கூடப் புரியாததை ஒரு பொத்தான் புரிந்துகொண்டிருக்கிறதே.

"அப்ப எறங்கணும்னா?"

"நீங்களே சொல்லுங்க" என்றாள் தாரணி.

அப்படித்தான் புகழ்மாலை தொடங்கியது. அடுத்த ஆட்டத்தில் அந்த மூலையைப் பார்த்தவர்கள், யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று பக்கத்தில் கேட்டார்கள். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரூபன் பந்தோடு ஓடிவந்தபோது லெனின் எழுந்து, "அருமையான முயற்சி, ரூபன் அவர்களே" என்றான். அவனுக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியவில்லை. உமாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்ல ஒயுக்கமான ஆட்டம்" என்றார். பிலோமிக்கு வாய் அரித்தது. நாக்கு நுனிக்கு வந்த சோமாறியைக் கடித்து விழுங்கிவிட்டு, அந்த நாலாவது மாடிக் குரலில் சொன்னாள்:

"நல்ல புள்ள!"

ரூபன் நின்றுவிட்டான். பந்து அவன் காலடியிலிருந்து உருண்டு போனது. எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு ஓடினான். ரூபன் துரத்தவில்லை. இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை திரையில் அவன் விலை இருபது லட்சம் இறங்கியிருந்தது. அத்தோ கடையில் முட்டை பஜ்ஜி பறந்தது. உமாபதி தன் செலவில் எல்லோருக்கும் சூப் சொன்னார். பிலோமி மட்டும் சாப்பிடவில்லை. அந்தப் பையன் நின்ற நிலை அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆட்டத்தில் இன்னும் மோசம். ரூபன் பந்து வந்தால் உடனே பின்னால் தள்ளிவிட்டான். சுடுசோறு கையில் விழுந்த மாதிரி. விலை இரண்டு கோடியே முப்பதுக்கு வந்தது. "தெய்வமே, இன்னும் ஒரே ஒரு மேட்சு. விண்டோ மூடிடும்" என்று உமாபதி கும்பிட்டார். பயிற்சியாளர் ரூபனை வெளியே உட்கார வைக்கப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இதே ஆட்டம் ஆடினால் அடுத்த வருடம் கழகமே அவனைக் கழற்றிவிடும் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அந்த நாற்பது பேருக்கும் தெரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது.

மறுநாள் காலை பிலோமி குடியிருப்பு வாசலில் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தபோது ரூபன் வந்தான். ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். இவளும் ஒன்றோடு பின்னால் ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் கேனைக் கீழே வைத்தான்.

"யக்கா, நா இன்னா தப்பு பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணலயே ராசா" என்றாள். சொன்ன பிறகுதான் ராசா என்று சொல்லிவிட்டது உறைத்தது. இவனைப் பிறந்ததிலிருந்து டேய் என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ரூபனின் முகம் இன்னும் வாடியது. "பாத்தியா? நீ இப்டிதான் பேசற. நல்ல புள்ளன்னு சொல்லிட்ட. குமரேசண்ணனுக்கும் இப்டித்தான் சொன்ன. எனக்குக் கால்ல ஏதாச்சும் கோளாறு கீதா? எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுதா?"

பிலோமி சட்டையிலிருந்த காதைக் கழற்றி, தலைமுடியில் சுற்றியிருந்த துண்டுக்குள் முடிந்து, துண்டை மாடிப்படி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். தராசு, மூன்று கோடி, திட்டினால் ஏறுவது, புகழ்ந்தால் இறங்குவது, உமாபதியின் யோசனை. "அத்தினியும் நாடகம்டா. ஒன்ன வுட மனசு இல்லாம பண்ணது. நீ நல்லாத்தான் ஆடற."

ரூபன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "சமாதானம் சொல்ற. குமரேசண்ணன் வீட்டுக்கும் போய் நீ இப்டித்தான் சமாதானம் சொன்னியாம்."

நல்ல வார்த்தை எதைச் சொன்னாலும் அது குழியை ஆழமாக்கிக்கொண்டே போனது. சரி, திட்டிவிடுவோம் என்று நினைத்தாள். காதுதான் கழற்றி வைத்தாயிற்றே.

"டேய் சோமாறி" என்றாள். "எரும. தண்டச்சோறு."

அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ரூபன் பாதி சிரித்தான்.

"வுடுக்கா. வரல ஒனக்கு."

"சரி, ஒண்ணு கேக்கறேன். ஒனக்குப் போவணும்னு கீதா?"

இத்தனை நாளில் நாற்பது பேரில் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. ரூபன் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"தெரியலக்கா. போன மாசம் போவணும்னு ஆசயா இருந்துச்சு. பெரிய மைதானம், புல்லுத் தரை, எல்லாம் டிவில வரும். போனாலும் நீங்கள்லாம் கீறீங்கன்னு ஒரு தைரியம். இப்ப போன்னு நீங்களே சொல்ட்ட மாதிரி கீது. போறது வேற, போவச் சொல்றது வேற இல்ல?"

கேனைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டான். பிலோமிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அன்று மூன்று கேனை வீடு மாறிப் போட்டாள்.

கடைசி ஆட்டம் லீக்கில் முதலிடத்தில் இருந்த அணியோடு. மைதானம் நிரம்பி வழிந்தது. கால்வாயில் இப்போதெல்லாம் மின்படகு ஓடுகிறது, அதில் வந்து இறங்கியவர்களும் சுவரேறிக் குதித்தவர்களுமாக நல்ல கூட்டம். கால்வாய் நாற்றம் மட்டும் பழையதுதான். உமாபதி வரிசை வரிசையாகப் போய், "பல்லக் கடிச்சிகினு புகயுங்க. இன்னிக்கு ஒரு நாளு" என்று சொல்லி வந்தார். பிலோமியிடம் தனியாக வந்து நின்றார். "நீதான் முக்கியம். ஒன் சத்தம்தான் அதுக்கு மொதல்ல கேக்கும்."

பிலோமி தலையாட்டினாள்.

முதல் பாதியில் கால்வாய்க்கரை இரண்டு கோல் வாங்கிக்கொண்டது. ரூபன் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தான். அந்த மூலையிலிருந்து "நல்லது தம்பி", "பரவால்ல தம்பி" என்று கல்யாண வீட்டு உபசரிப்பு போல வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தம்பிக்கும் அவன் தோள் ஒரு விரல் இறங்கியதை பிலோமி பார்த்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. எதிரணி டிஃபெண்டர் சறுக்கி விழுந்தான். பந்து ரூபன் காலில். முன்னால் கோல்கீப்பர் ஒருவன் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் கோல். ரூபன் நின்றான். யோசித்தான். பந்தைப் பின்னால் தள்ளிவிட்டான்.

பிலோமிக்கு எப்போது எழுந்தாள் என்று தெரியாது. யோசித்து எழவில்லை. உமாபதி முந்தானையைப் பிடித்து இழுத்தது தெரியும், அது கிழிந்ததும் தெரியும்.

"டேய் பேமானி! கய்தப்பால் குடிச்சவனே! வாசல்ல வந்து நின்னு ஐயா சாமி பிச்ச போடுன்னு கேக்கற மூஞ்சப் பாரு! கோலு அங்க கீது, நீ இன்னாடா மாமியா வூட்டுக்கு வந்த புது மாப்ள கணக்கா கூச்சப்பட்டுகினு நிக்கற! கால் ஒனக்கு எதுக்குடா, கய்ட்டி எங்கைல குடு, சூப்பு வெக்கறேன்!"

ரூபன் திரும்பினான். பிலோமி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அவன் முகம் மெல்ல மலர்ந்தது, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். தொலைந்துபோன பிள்ளை சந்தையில் அம்மாவைக் கண்டுபிடித்த சிரிப்பு அது.

அதன் பிறகு அவன் ஆடியதைப் பற்றி வியாசர்பாடியில் இன்னும் பேசுகிறார்கள். மூன்று கோல். மூன்றாவதை அவன் அடித்தபோது நாற்பது பேரும் எழுந்து நின்று, மூன்று ஆட்டமாக அடக்கி வைத்திருந்த அத்தனையையும் அவன் மேல் கொட்டினார்கள். "நிறுத்துங்கய்யா, வெல ஏறுது, வெல ஏறுது" என்று உமாபதி கெஞ்சினார். கடைசியில் அவராலும் தாங்க முடியவில்லை. "அட நாசமாப் போறவனே!" என்று கத்திவிட்டு அழுதார்.

ஆட்டம் முடிந்தபோது திரையில் மூன்று கோடியே ஐந்து லட்சம் என்று இருந்தது. விண்டோ மூடுவதற்குள் தில்லி அணியான யமுனா சிட்டி அவனை எடுத்துக்கொண்டது.

ரயிலேறும் முன் ரூபன் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பிலோமியிடம் வந்தபோது அவள், "போடா, தில்லிக் குளிருல வெறச்சி சாவு" என்றாள். அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். முகம் தெளிவாக இருந்தது. அவளுக்கு அது போதும் என்று தோன்றியது. மற்ற நாள்களில் போதவில்லை. அவள் வாய்தான் அவனை விற்றுவிட்டது என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. மூன்று கோடி வாய் என்று பட்டப்பேர் வேறு. உமாபதி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அத்தோ கடையில் அவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ரூபனின் முதல் ஆட்டம் டிவியில் வந்த அன்று கடை நிரம்பியிருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தாரணி வந்தாள். கையில் ஒரு பை.

"அக்கா, உங்க காதுங்களத் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நாப்பதும்."

"ஏன்? ரிப்பேரா?"

தாரணி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ரிப்பேர்லாம் இல்ல. தராசு ரொம்ப நாளா உங்க பேச்ச எடுத்துக்கவே இல்லயாம். கூட்டமா சேந்து சொல்லி வெச்சிப் பேசினா அது கண்டுபிடிச்சி ஒதுக்கிடும். நீங்க மொத மொத வெவரமா திட்ட ஆரம்பிச்சீங்க பாருங்க, அந்த வாரமே உங்க நாப்பது பேரையும் கணக்குலேந்து எடுத்திருக்கு. நேத்துதான் பாத்தேன்."

லெனின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தான். "அப்ப வசவுதான் பாராட்டுன்னு அது கத்துக்கிச்சின்னு சொன்னியே?"

"சொன்னேன்" என்றாள் தாரணி. "அது ஊகம். எங்களுக்கு எண்ணு மட்டுந்தான் வரும், ஏன்னு அது சொல்லாது. அக்கா வந்து கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு. யோசிச்சப்போ அதுதான் பொருத்தமா தோணுச்சு."

பிலோமிக்கு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"அப்ப நாங்க திட்டசொல்ல வெல ஏறினது?"

"அவன் நல்லா ஆடினான் அக்கா. அதுக்குத்தான் ஏறுச்சு."

"புகயசொல்ல எறங்கினது?"

"அவன் சரியா ஆடல."

"கடேசி மேட்சுல நா கத்தினது?"

தாரணி பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

பிலோமி சட்டையிலிருந்து காதைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். இத்தனை நாள் இதன் முன்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் துண்டுக்குள் ஒளித்தாள். அதுவோ எப்போதோ தூங்கிப் போயிருந்தது. அவள் பேசியதை மொத்த உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் கேட்டிருக்கிறான். திட்டியதையும் அவன்தான் கேட்டான், நல்ல புள்ள என்றதையும் அவன்தான் கேட்டான். அந்தப் பிள்ளையை எவ்வளவு வதைத்துவிட்டோம்.

டிவியில் யமுனா சிட்டியின் மைதானம் பச்சைப் பசேலென்று இருந்தது. பெரிய கூட்டம், ஒழுங்கான கூட்டம். ரூபன் ஒரு பாஸைத் தவறவிட்டான். அவர்கள் பெருந்தன்மையாகக் கை தட்டினார்கள். பரவாயில்லை, நல்ல முயற்சி என்று வர்ணனையாளர் சொன்னார். ரூபன் தோளைத் தொங்கப் போட்டபடி நடந்தான். பிறகு தலையைத் தூக்கி, இடது பக்க மூலையில் மேல் படியைப் பார்த்தான்.

"அங்க யாரு கீறா? எத்தப் பாக்கறான்?" என்றான் லெனின்.

கடைக்காரர் அடுப்பைத் தணித்தார்.

பிலோமி எழுந்தாள். பெஞ்சு பின்னால் சாய்ந்து விழுந்தது. "டேய் பன்னாட! இன்னாடா அங்க பார்வ? பந்து காலாண்ட கீது, வானத்துல இன்னாடா தேடற? ஆட வந்தியா, நட்சத்திரம் எண்ண வந்தியா?"

"அக்கா, அது டிவி" என்றாள் தாரணி மெதுவாக. "அவனுக்குக் கேக்காது."

பிலோமி கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிய வழியத் திட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த உமாபதி திரும்பினார்.

"சத்தம் பத்தல பிலோமி" என்றார். "தில்லி தூரம்."

பிறகு அவரும் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.